சிவப்பு வார் போட்ட நாய்

மார்ச் 3

அக்காவுக்கு,

எட்டு மாதம் கழித்து எழுதுகிறேன். நலமா என்று கேட்டால், "இப்பத்தான் கேக்கத் தோணிச்சா?" என்பாய். கேட்காவிட்டால், "ஒரு வார்த்தை கேட்டானா பாரு" என்பாய். அதனால் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

இங்கே நாய் வளர்க்கிறவர்கள் எல்லோரும் நகராட்சியில் ஒரு படிவம் கொடுக்க வேண்டுமாம். அதில் மூன்று கட்டம்: இனம், பூர்வீகம், குணம். முதல் கட்டத்தில் 'வேட்டை நாய்' என்று எழுதிவிட்டு மற்ற இரண்டையும் விட்டுவிட்டேன். குமாஸ்தா கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "வேட்டை நாயா? அப்ப குணம் கட்டாயம் எழுதணும் சார். சும்மா 'நல்லது'ன்னு போட்டா செல்லாது" என்றார். அப்பா நம் நாய்களைப் பற்றி எழுதி வைத்த நோட்டு உன்னிடம்தான் இருக்கிறது. அதில் உள்ளதை நாலு வரியில் எழுதி அனுப்பு. வீட்டில் தபால்காரர் வரும்போது ஆள் இருக்காது, அச்சகத்து விலாசத்துக்கே அனுப்பு.

கழுத்தில் சிவப்பு வார் போட்டது இரையை விரட்டிக்கொண்டு வரும் நாய், கறுப்பு வார் போட்டது ஒளிந்திருந்து மறித்துப் பிடிக்கும் நாய் என்ற அளவுக்கு எனக்கும் தெரியும். அதற்கு மேல் தெரியாது.

அப்பா இறந்து நான் ஊருக்கு வந்த அன்றைக்கு, "குழந்தை இருக்கிற வீடு, கடிக்காத விரட்டு நாயா ஒண்ணு குடு" என்று கேட்டபோது, நீ நாய்க் கொட்டகைக்குள் போய்ச் சிவப்பு வார் போட்ட இந்த நாயை இழுத்து வந்து, வாரின் நுனியை என் கையில் திணித்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாய். இருப்பதிலேயே மட்டமானதைத் தள்ளிவிட்டாய் என்று வழி முழுக்கப் பொருமினேன். இப்போது ஒப்புக்கொள்கிறேன், இது தங்கம். ஊமை என்று பெயர் வைத்திருக்கிறோம், ஏனென்றால் குரைப்பதே இல்லை. குரைக்கிற நாய் கடிக்காது என்பார்கள். குரைக்காத நாயைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை.

மூன்று மணிக்கு மேல் ஊமைக்கு ஒரு வேலை உண்டு. எங்கள் தெரு சரிவானது. மேலே பள்ளிக்கூடம், கீழே வீடு, நடுவில் தண்ணீர் மோட்டார் அறை. அந்த அறைச் சுவருக்கும் எதிர்ச்சுவருக்கும் நடுவே ஓர் ஆள் போகும் அளவுக்குத்தான் வழி. ஊமை அங்கே போய், தாடையைத் தரையில் வைத்துப் படுத்துக்கொள்ளும். பிள்ளைகள் எல்லோரும் தாண்டிப் போவார்கள், அது அசையாது. கடைசியாக என் மகள் வருவாள். ஷூ வாரை மாட்டுவதற்குள் அவளுக்கு ஒரு யுகம் ஆகிவிடும், அதனால்தான் ஆமைக்குட்டி என்று கூப்பிடுகிறோம். அவள் தாண்டியதும் ஊமை எழுந்து பின்னாலேயே வீட்டுக்கு வந்துவிடும். அத்தை கொடுத்த நாய் தன்னைக் கூட்டிவர வருகிறது என்று வகுப்பு முழுக்கப் பீற்றிக்கொள்கிறாள்.

தம்பி

&nbsp;

மார்ச் 7

(தந்தி)

நாயைக் கட்டு. பள்ளிக்கூடப் பக்கம் விடாதே. கடிதம் பின்னால். அக்கா.

&nbsp;

மார்ச் 7

தம்பி,

தந்தி கிடைத்திருக்கும். கட்டிவிட்டாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். கட்டாவிட்டால் இதைக் கீழே வைத்துவிட்டுப் போய்க் கட்டிவிட்டு வந்து படி.

நீ கேட்ட பூர்வீகம் இதுதான். தாத்தா காலத்தில் காட்டுப்பன்றி ஒரு பயிரையும் விட்டுவைக்கவில்லை. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து உப்பு வியாபாரிகள் வருவார்கள். அவர்களிடம் நீண்ட கால், ஒட்டிய வயிறு, காற்றாய்ப் பறக்கும் நாய்கள் இருந்தன. பன்றியை எட்டிவிடும், ஆனால் பிடித்து நிறுத்தத் தெரியாது. மாட்டுக்காரர்களிடம் தடித்த தாடை நாய்கள் இருந்தன. பிடித்தால் விடாது, ஆனால் ஓடாது. இரண்டையும் சேர்த்தால் ஓடவும் பிடிக்கவும் தெரிந்த ஒரே நாய் வரும் என்று தாத்தா கணக்குப் போட்டார். வரவில்லை. ஒவ்வொரு ஈற்றிலும் குட்டிகள் பார்க்க ஒரே மாதிரி, அதே சாம்பல் நிறம், அதே குட்டைக் காது. புத்தி மட்டும் இரண்டாகப் பிரிந்திருந்தது. சிலது ஓடும், சிலது காத்திருக்கும். வேறு ஒருவராக இருந்தால் அத்தனையையும் காட்டில் கொண்டுபோய் விட்டிருப்பார். தாத்தா ஜோடி ஜோடியாக வேலைக்கு விட்டார். ஒன்று குரைத்து விரட்டும், இன்னொன்று சந்தில் படுத்து மறிக்கும். பார்வையில் பேதம் தெரியாததால்தான் வாருக்கு நிறம் வந்தது.

குணம் என்றால், விரட்டு நாய் விளையாட்டுப் பிள்ளை. துரத்தும், குரைக்கும், பல் படாது. மறிப்பு நாய் வேறு. அதை வீட்டில் வளர்க்க அப்பா யாருக்கும் கொடுத்ததில்லை. இவ்வளவு எழுதினால் உன் குமாஸ்தாவுக்குப் போதும்.

இன்னொரு விஷயம் எழுத வேண்டும். மூன்று முறை எழுதி மூன்று முறை கிழித்துவிட்டேன். எந்த நாயானாலும் நாய் நாய்தான், பிள்ளைகள் ஓடும் இடத்தில் விடக்கூடாது என்று மட்டும் எடுத்துக்கொள். ஓடுகிறவனைக் கண்டால் துரத்துகிறவனுக்கு இளக்காரம். ஏன் என்று கேட்காதே, கட்டு.

அக்கா

&nbsp;

மார்ச் 8

அக்கா,

உன் தந்தி அச்சகத்துக்கு வந்தது. நான் காகிதம் வெட்டும் மெஷினில் இருந்தேன். ஃபோர்மேன் பிரித்து, யாருக்கோ சாவு என்று நினைத்துத் தொண்டையைச் செருமிக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும் படித்தார். "நாயைக் கட்டு." மெஷின் சத்தத்தையும் மீறிச் சிரித்தார்கள். இப்போது நான் எந்தப் பக்கம் போனாலும், "என்னப்பா, கட்டியாச்சா?" என்கிறார்கள்.

எட்டு மாதம் ஒரு வரி இல்லை. வந்த முதல் வரி உத்தரவு! நான் இன்னும் உன் பின்னால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நடந்த பொடியன் என்று நினைப்பா? ஊமை யாரையும் முறைத்துக்கூடப் பார்த்ததில்லை. இந்த வாரம் பக்கத்துக் கடிகாரக் கடைக்காரர் ஒரு குட்டை நாய் வாங்கியிருக்கிறார். அதுதான் தெருவுக்கே தொல்லை. பள்ளிக்கூடம் விட்டால் போதும், வள் வள்ளென்று பிள்ளைகளைத் துரத்திக்கொண்டு சரிவில் இறங்குகிறது. அவர்களும் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடி வருகிறார்கள். அவர்களுக்கு அது கும்மாளம். அந்த அமளியிலும் ஊமை சந்தில் சிலையாகப் படுத்திருந்தது. தந்தி கொடுப்பதானால் அந்தக் கடிகாரக்காரருக்குக் கொடு.

ஆனால் ஆமைக்குட்டியின் அம்மா தந்தியைப் பார்த்துப் பயந்துவிட்டாள். "உங்க அக்கா காரணம் இல்லாம தந்தி குடுக்கிற ஆள் இல்லீங்க" என்று பிடித்த பிடியாய் நின்றாள். அவளுக்காகத்தான் கட்டியிருக்கிறேன், உனக்காக இல்லை. ஊமைக்கும் உடம்பு சரியில்லை போலிருக்கிறது, நாலு நாளாகக் காலையில் தட்டை முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை. வெயில்தான் காரணமாக இருக்கும்.

தம்பி

&nbsp;

மார்ச் 11

(அஞ்சலட்டை)

அக்காவுக்கு,

உன் கடிதம் இன்று வந்தது. கோபத்தில் எழுதியதை மன்னித்துவிடு. உப்பு வியாபாரிக் கதையை ஆமைக்குட்டிக்குப் படித்துக் காட்டினேன், வாயைப் பிளந்து கேட்டாள். அவள் அம்மாவுக்கும் உன் கடிதத்தைக் காட்டினேன். 'விரட்டு நாய் விளையாட்டுப் பிள்ளை, பல் படாது' என்ற வரியைப் படித்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. நல்லவேளை, நம்முடையது சிவப்பு வார். மூன்று நாளாகச் சங்கிலியில் கிடந்தது பாவம், இன்று அவிழ்த்துவிட்டேன். அவிழ்த்ததும் நேராகத் தன் சந்துக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. படிவத்திலும் 'விரட்டும் இனம், கடிக்காது' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

தம்பி

&nbsp;

மார்ச் 12

தம்பி,

எட்டாம் தேதி நீ எழுதியது இப்போதுதான் வந்தது. கட்டியிருக்கிறாய் என்ற ஒரு வரி மட்டும் இல்லாவிட்டால் என் உயிர் இங்கேயே போயிருக்கும். குட்டை நாயைப் பற்றி நீ எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கூடவே காலையில் தின்பதில்லை என்கிறாய். இனி மறைக்க முடியாது. திட்டுவதானால் முழுவதையும் படித்துவிட்டுத் திட்டு.

உன்னிடம் இருப்பது மறிப்பு நாய்.

வாரை மாற்றியது நான். கொட்டகையின் பின்பக்கம் போய், கறுப்பை அவிழ்த்துவிட்டுச் சிவப்பை மாட்டினேன். அப்பா கடைசி வரைக்கும், "தம்பி வந்துட்டானா?" என்றுதான் கேட்டார். பன்னிரண்டு வருஷம் கூட இருந்தவள் பக்கத்தில் நிற்பது அவர் கண்ணில் படவில்லை. அவர் போய் மூன்றாம் நாள்தான் நீ வந்தாய். ஷூவைக்கூடக் கழற்றாமல் நாய் வேண்டும் என்றாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரில் கொண்டுபோய் ஓடவிடுவான், அது ஓடாது, நாலு பேர் சிரிப்பார்கள், 'ஏமாத்திட்டியே அக்கா' என்று கடிதம் வரும், நானும் பதிலுக்கு எழுதுவேன், சண்டை போட்டாவது பேசிக்கொள்வோம் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். குழந்தையை நினைக்கவில்லை. நீ வாயால் சொல்லிக் கேட்டும் நினைக்கவில்லை.

சின்ன வயதில் நீ அப்பாவோடு விரட்டு நாயின் பின்னால் ஓடினாய். சந்தில் மறிப்பு நாயோடு உட்கார்ந்திருந்தவள் நான். நீ மூச்சு வாங்க வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்து சாக்கைக் கட்டியிருப்போம். அதனால் அது பிடிப்பதை நீ பார்த்ததே இல்லை. இப்போது சொல்கிறேன், கவனமாகக் கேள்.

அது சும்மா படுத்திருக்கவில்லை. கூட்டத்தில் கடைசியாக வருவது எது என்று பார்த்துக்கொண்டிருக்கிறது. பார்த்துக் குறித்துவிட்டால், மற்றது எல்லாம் அதன் மூக்கை உரசிக்கொண்டு போனாலும் எழுந்திருக்காது. உன் ஆமைக்குட்டியைக் கூட்டிவரப் போனதாக நினைத்தாயே, அது அவளைக் குறித்து வைத்துக்கொண்டு எட்டு மாதமாகக் காத்திருந்தது, தம்பி. இத்தனை நாள் பிடிக்காமல் இருந்ததற்கு ஒரே காரணம், விரட்டுகிற குரைப்பு கேட்கவில்லை. அது கேட்காமல் மறிப்பு நாய் பாயாது. இப்போது குட்டை நாய் வந்து அந்தக் குறையைத் தீர்த்துவிட்டது. காலையில் தின்னாமல் இருப்பது நோயில்லை. புதுக் குரைப்பைச் சில நாள் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் பாயும், பிடிக்கத் தயாராகிறபோது வெறும் வயிற்றோடுதான் இருக்கும்.

ஒருவேளை பிடித்துவிட்டால் இழுக்காதே. இந்த ஒரு வரியை அவள் அம்மாவுக்கும் படித்துக் காட்டு. இழுத்தால் இரை தப்பிக்கிறது என்று நினைத்து இறுக்கும். அடித்தாலும் இறுக்கும். உள்ளங்கையால் அதன் இரண்டு கண்ணையும் பொத்து. இருட்டானால் விட்டுவிடும். நாங்கள் சாக்கைத் தலையில் போடுவது அதற்குத்தான். அது கொல்லப் பிடிப்பதில்லை, நாம் போய்ச் சேரும் வரை வைத்திருக்கத்தான் பிடிக்கிறது.

சங்கிலியை இன்னொரு முறை இழுத்துப் பார். நாய்களைப் பார்த்துக்கொள்ள ஆள் சொல்லியிருக்கிறேன். ஆள் வந்ததும் நானே புறப்பட்டு வந்து கூட்டிப் போகிறேன்.

அக்கா

&nbsp;

மார்ச் 15

(தந்தி)

சிவப்பு வார் பொய். மறிப்பு நாய். உடனே கட்டு. அக்கா.

&nbsp;

மார்ச் 15

தம்பி,

தபால் ஆபீஸ் பெஞ்சிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். உன் அட்டை வந்தது. நான் சொன்ன பாதி உண்மையைப் படித்துவிட்டுத்தான் நீ அதை அவிழ்த்திருக்கிறாய். வெறிநாய் என்று முழுப் பொய்யைச் சொல்லியிருந்தால்கூட நீ கட்டித்தான் வைத்திருப்பாய். பன்னிரண்டாம் தேதி எழுதியது நாளைக்குத்தான் உன் கைக்கு வரும். இந்த நாலு நாளில் எத்தனை முறை பள்ளிக்கூடம் விட்டிருக்கும் என்று விரல் விட்டு எண்ணுகிறேன். எண்ணி முடித்ததும் திரும்ப முதலிலிருந்து எண்ணுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. பதில் தந்தி கொடு. ஒரே ஒரு வார்த்தை போதும். நல்ல வார்த்தையாக இருக்கட்டும்.

அக்கா

&nbsp;

மார்ச் 17

அக்கா,

உயிரோடு இருக்கிறாள். அதை முதலில் எழுதிவிட்டேன். இனி நிதானமாகப் படி.

பதினாலாம் தேதி மெஷினில் பிளேடு உடைந்ததால் எங்களைச் சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள். நான் சரிவில் ஏறிக்கொண்டிருந்தேன். மேலே குட்டை நாய் குரைப்பது கேட்டது. பிள்ளைகள் கூச்சலும் சிரிப்புமாக என்னைத் தாண்டி ஓடினார்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் நின்றேன் அக்கா. பையை முதுகில் ஆட்டிக்கொண்டு கடைசியாக அவள் வந்தாள். ஊமை எழுந்ததை நான் பார்க்கவில்லை. படுத்திருந்த இடம் காலியாக இருந்ததைத்தான் பார்த்தேன். அடுத்த நொடி அவள் குப்புறக் கிடந்தாள், கழுத்து அதன் வாயில் இருந்தது. ஒரு சத்தம் இல்லை. அவளும் கத்தவில்லை, அதுவும் உறுமவில்லை. குட்டை நாய்கூட வாயை மூடிக்கொண்டது.

நான் இழுத்தேன்.

வாரைப் பிடித்து இழுத்தேன். பின்னங்காலைப் பிடித்து இழுத்தேன். கடிகாரக்காரர் ஷட்டர் கம்பியால் அதன் முதுகில் அடித்தார். இழுக்க இழுக்க இறுகியது. அவள் முகம் நீலமாவதைப் பார்த்துக்கொண்டே இழுத்தேன். அவளுடைய டீச்சர் ஓடி வந்தார், என்ன செய்வதென்று தெரியாமல் தன் சால்வையை உருவி நாயின் தலைமேல் போட்டுக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அது உடனே விட்டுவிட்டது. விட்டுவிட்டுப் போய், இரண்டடி தள்ளி உட்கார்ந்துகொண்டது. எங்கள் முகத்தைப் பார்த்தது. டீச்சரின் கைவலிமைதான் காரணம் என்று நினைத்தோம்.

உன் நீளக் கடிதத்தை நேற்று ஃபோர்மேன் ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்து கொடுத்தார். கூடவே ஒரு நாள் முன்னால் வந்த தந்தி. இந்த முறை அவர் அதை யாருக்கும் படித்துக் காட்டவில்லை. வராந்தாவில் நின்று இரண்டையும் படித்தேன். கண்ணைப் பொத்து என்ற இடத்துக்கு வந்ததும் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

டாக்டர் முதல் நாளே ஒன்று சொன்னார், அப்போது புரியவில்லை. "நாய்ப் பல் ஆழமா இறங்கவே இல்லைங்க. நீங்க இழுத்ததுலதான் கிழிஞ்சிருக்கு" என்றார். பதினோரு தையல். குரல்வளை நசுங்கியிருக்கிறது, இப்போதைக்குப் பேச முடியாது. பேச்சு வரும் என்கிறார், எப்போது என்று சொல்லவில்லை.

உன்னை மனம் விட்டுத் திட்டத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை. வாரை மாற்றியது நீ, தந்தி வந்த பிறகும் அவிழ்த்துவிட்டது நான், இழுத்தது நான். யார் பங்கு எவ்வளவு என்று பிரிக்கப் பார்த்தேன், பிரியவில்லை.

ஊமை எங்கள் விறகு அறையில் இருக்கிறது. தெருவில் எல்லோரும் அடித்துக் கொல்ல வேண்டும் என்கிறார்கள். அந்தக் கதவைத் திறக்க எனக்குத் தைரியம் இல்லை. ஓட்டை வழியாகப் பார்த்தால் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறது. சரியாகத்தானே செய்தேன் என்று கேட்பது போல இருக்கிறது. அதை என்ன செய்வது என்று நீயே வந்து செய்.

இதைப் படித்ததும் புறப்படு. அவள் அம்மாவும் அதையேதான் சொல்கிறாள். "வரட்டும், எனக்கு அவங்க மேல கோபம் இருக்கு, ஆனா வரட்டும்" என்றாள்.

ஒன்று மட்டும் தெரிந்துகொண்டு வா. ஆமைக்குட்டிக்கு இப்போது ஓடுகிறவர்களைக் கண்டு பயமில்லை, குரைப்பைக் கேட்டும் பயமில்லை. யாராவது சத்தமில்லாமல் அசையாமல் இருந்தால்தான் பயம். கட்டில் பக்கத்தில் நான் இரண்டு நிமிஷம் பேசாமல் உட்கார்ந்தால் உடம்பு விறைத்துப்போகிறது, கண் என்னை விட்டு நகர்வதில்லை. கத்தவும் அவளால் முடியாது. அதனால் மூன்று நாளாக வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறேன். அச்சகத்துக் கதை, அப்பா கதை, நீ எழுதிய உப்பு வியாபாரி கதை எல்லாம் தீர்ந்துவிட்டது. தொண்டை கட்டிவிட்டது. நர்ஸ் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்.

நீ வந்ததும் வார்டு வாசலில் தயங்கி நிற்காதே. எங்களைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கவே நிற்காதே. உள்ளே கால் வைக்கும்போதே பேசிக்கொண்டு வா. என்னைத் திட்டிக்கொண்டு வந்தாலும் சரி, சத்தமாகத் திட்டிக்கொண்டு வா.

தம்பி